செத்த காலேஜின் பிறந்தகமும் புகுந்தகமும்

நாம் குருமாணவராக இருந்த காலம். ஒரு விடுமுறை நாளில் சென்னை நகரப் பேருந்தில் எழும்பூர் நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். முன் இருக்கையில் ஒரு மூதாட்டி, மடியில் ஒரு பேரனும் பக்கத்தில் இரண்டு பேத்திகளுமாக அமர்ந்திருந்தார். நடத்துநர் அருகே வந்ததும் அவர், "தம்பி, செத்த காலேசு வந்தா கொஞ்சம் சொல்லுப்பா, எறங்கணும்" என்றார். தென்மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த நமக்கு அந்தச் சொல் வியப்பையும் சிறு அச்சத்தையும் தந்தது. நடத்துநர் சற்றும் வியப்படையவில்லை. உரிய நிறுத்தம் வந்ததும் குரல் கொடுத்தார். மூதாட்டி பிள்ளைகளைக் கைப்பிடித்து இறக்கிக்கொண்டு, செந்நிறக் கட்டடங்கள் நிறைந்த ஒரு வளாகத்தினுள் நுழைந்தார். அது அரசு அருங்காட்சியகம்.

அந்தப் பெயர் நம் மனத்தில் நெடுநாள் தங்கியிருந்தது. 'செத்த' என்ற அடைமொழிக்குப் பொருள் காண்பது எளிது. பதப்படுத்தப்பட்ட விலங்குகளும், எலும்புக் கூடுகளும், மறைந்துபோன மக்களின் கருவிகளும் நிறைந்த இடம் அது. பழைய சென்னை மக்கள் விலங்குக் காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும், இதனைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்தனர். ஆனால் 'காலேஜ்' எங்கிருந்து வந்தது? அங்கே பாடம் நடத்துவோர் இல்லை, தேர்வு இல்லை, பட்டமும் இல்லை. அருங்காட்சியகத்திற்கும் கல்லூரிக்கும் என்ன உறவு?

விடை தேடிப் புறப்பட்டால், அந்நிறுவனத்தின் பிறப்பு வரலாற்றிலேயே போய் நிற்கிறோம். நம் நாட்டு வழக்கில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தகம் உண்டு, புகுந்தகம் உண்டு. வாழ்வெல்லாம் புகுந்தகத்தில் கழிந்தாலும், ஊரார் அவளைப் பிறந்த ஊரின் பெயரைச் சொல்லி அழைப்பதைக் கண்டிருக்கிறோம். சென்னை அருங்காட்சியகத்தின் கதையும் அத்தகையதே. அது குடிபுகுந்தது எழும்பூரில். பிறந்ததோ ஒரு கல்லூரியில். எழுத்தறியாத மக்கள் அப்பிறந்தகத்தின் பெயரை நூறாண்டுகளுக்கு மேலாக நாவில் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

பிறந்தகம்

அக்கல்லூரி 1812-இல் தொடங்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஆகும். தமிழறிஞர்கள் அதனைச் சென்னைக் கல்விச் சங்கம் என்று அழைத்தனர். இங்கிலாந்திலிருந்து வந்திறங்கும் இளம் அலுவலர்களுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிப்பதே அதன் நோக்கம். அதனை உருவாக்குவதில் முதன்மையானவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, 1816-இல், எடுத்துக்காட்டியவர் அவர்.

கத்தோலிக்கராகிய நமக்கு இக்கல்லூரியோடு ஒரு தனி உறவும் உண்டு. வீரமாமுனிவர் மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்திருந்த நிலையில், அவருடைய நூல்கள் ஏட்டுச் சுவடிகளாக ஊர்தோறும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடித் திரட்டும்படி 1816-இல் எல்லிஸ் ஒருவரை அனுப்பினார். அவர் கல்லூரியின் மேலாளராகப் பணியாற்றிய புதுச்சேரிக் கத்தோலிக்கர் முத்துசாமிப் பிள்ளை. தெற்கே ஊர் ஊராகச் சென்று சுவடிகளையும் செவிவழிச் செய்திகளையும் திரட்டிய அவர், 1822-இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். 1824-இல் முனிவரின் சதுரகராதி அக்கல்லூரியின் வழியாகவே அச்சேறியது. இன்று வீரமாமுனிவரைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பல அன்று ஒருவர் நடந்து தேடியதால் கிடைத்தவை.

ஆனால் பிறர் சுவடிகளைத் தேடிக் காத்த எல்லிஸின் சொந்தத் தாள்களுக்கு நேர்ந்த கதி நெஞ்சை உறுத்துவது. 1819-இல் இராமநாதபுரத்தில் அவர் எதிர்பாராத வகையில் இறந்தார். திருக்குறளையும் தமிழ் நாட்டு வரலாற்றையும் பற்றி அவர் பல்லாண்டுகள் எழுதிச் சேர்த்திருந்த கைப்படிகள் மதுரையில் ஓர் அதிகாரியின் வீட்டில் கிடந்தன. அவை அங்குச் சமையற்காரரால் பல மாதங்கள் அடுப்பு மூட்டவும், கோழி வாட்டவும் பயன்பட்டன என்று சர் வால்டர் எலியட் பின்னாளில் எழுதியிருக்கிறார். சமையற்காரர்மேல் குற்றமில்லை. எரிப்பதற்கு உலர்ந்த காகிதம் கிடைத்தது, எரித்தார். காக்க வேண்டியது இது என்று சொல்லும் ஒருவர் அவ்வீட்டில் இல்லாமற் போனதே குறை.

கூரையும் காவலரும் இல்லாத இடத்தில் அறிவு எப்படி அழியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அந்த எல்லிஸ் உருவாக்கிய கல்லூரியின் மாடியிலேயே, அவர் மறைந்து முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், பொருள்களைக் காப்பதற்கென்றே ஒரு நிலையம் பிறந்தது.

மருத்துவர் ஒருவரின் கையில்

அந்நிலையத்தின் தொடக்கம் வரலாற்று ஆர்வத்தால் அன்று, வணிக நோக்கத்தால் அமைந்தது. சென்னை இலக்கியக் கழகத்தார் கல்லும் கனிமமுமாகப் பல மாதிரிகளைச் சேர்த்து வைத்திருந்தனர். நாட்டின் கனிமங்கள், மண் வகைகள், கட்டடக் கற்கள் ஆகியவற்றைக் காட்டும் ஒரு காட்சியகம் வேண்டும் என அவர்கள் 1846-இல் அரசிடம் வலியுறுத்தினர். பின்னர் ஆளுநர் சர் ஹென்றி பாட்டிஞ்சர் இலண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களிடம் இசைவு பெற்றார். கழகத்தார் தம்மிடமிருந்த 1,100 மாதிரிகளை அன்பளிப்பாக வழங்கினர். 1851 ஜனவரியில், ஆளுநரின் மெய்க்காவல் படையில் மருத்துவராயிருந்த எட்வர்ட் கிரீன் பால்ஃபர் அதன் முதல் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார். அவ்வாண்டிலேயே, கூவம் நதிக்கரையில் கல்லூரிச் சாலையிலிருந்த கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் அருங்காட்சியகம் தொடங்கியது.

பால்ஃபர் ஸ்காட்லாந்து நாட்டு மாண்ட்ரோஸ் நகரில் 1813-இல் பிறந்தவர். 1834-இல் இந்தியா வந்தவர். மருத்துவத்தோடு நின்றவர் அல்லர். காடுகள் அழிந்தால் மழை குன்றும் என்று 1849-லேயே எழுதினார். 1850-இல் சென்னை முஸ்லிம் மக்களுக்கென ஒரு பொது நூலகம் அமையக் காரணமாயிருந்தார். பின்னாளில் இந்தியாவைப் பற்றிய பெரிய கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தார். மாகாணத்தின் தலைமை மருத்துவராயிருந்தபோது, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் கதவு பெண்களுக்குத் திறப்பதற்கும் துணை நின்றார். அறிவு என்பது சிலரின் பெட்டகத்தில் பூட்டப்படுவதன்று என்னும் எண்ணம் அவர் செய்த பணிகளிலெல்லாம் இழையோடுவதைக் காண்கிறோம்.

அவர் கையில் காட்சியகம் கனிமங்களோடு அடங்கவில்லை. பறவைகள், பூச்சிகள், சங்குகள், மரத்துண்டுகள், காசுகள், ஆயுதங்கள் என வந்தவற்றையெல்லாம் ஏற்றார். மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் பொருள்கள் வந்துசேர்ந்தன. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1853 அளவில், எண்ணிக்கை ஏறத்தாழ 20,000-ஐ எட்டியது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. எண்ணங்களுக்கு எடை இல்லை, கற்களுக்கு உண்டு. இளைஞர்கள் இலக்கணம் படிக்க அமைந்த மாடி, பாறைகளையும் தாதுக்களையும் அலமாரி அலமாரியாய்ச் சுமக்க அமைந்ததன்று. பழுதுபார்க்க வேண்டிய நிலையிலிருந்த அந்தத் தளம் சுமையைத் தாங்காது என்ற அச்சம் வந்தது. பிள்ளை வளர்ந்துவிட்டது, பிறந்த வீடு போதவில்லை. கல்லூரியின் நாளும் முடிவை நெருங்கியிருந்தது. 1854-இல் அரசு அதனை மூடிவிட்டது. அக்கல்லூரி இருந்த வளாகம் பின்னர்ப் பொதுக்கல்வித் துறைக்குரியதாகி, இன்று பேராசிரியர் அன்பழகன் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்லூரி மறைந்தது, சாலையின் பெயரிலும், மக்கள் வழங்கிய 'செத்த காலேஜ்' என்ற பெயரிலும் மட்டும் அது எஞ்சியது.

கூரையில்லாக் கற்கள்

இடமின்மை எத்தகைய இழப்பைத் தரும் என்பதை அதே காலத்து இன்னொரு நிகழ்ச்சி காட்டுகிறது. 1845-இல், எல்லிஸின் தாள்களைப் பற்றி எழுதிய அதே வால்டர் எலியட், குண்டூர்ப் பகுதியில் அதிகாரியாயிருந்தபோது, கிருஷ்ணை ஆற்றங்கரை அமராவதியில் பழைய பௌத்தத் தூபியின் இடிபாட்டை அகழ்ந்தார். வெண்சுண்ணக் கல்லில் செதுக்கப்பட்ட அரிய சிற்பங்கள் வெளிப்பட்டன. ஊரார் சுண்ணாம்பு சுடுவதற்காகப் பலவற்றை முன்னமே உடைத்திருந்தனர். எஞ்சியவற்றை எலியட் சென்னைக்கு அனுப்பினார்.

அனுப்பினாரே அன்றி, அவற்றை ஏற்று வைக்க இங்கே வீடு இருக்கவில்லை. ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் அவை வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-இல் 121 கற்கள் கப்பலேறி இலண்டன் சென்றன. அங்கேனும் உரிய இடம் கிடைத்ததா? இல்லை. ஒரு மாளிகையின் வண்டிக் கொட்டகையில் அவை மறக்கப்பட்டுக் கிடந்ததை 1867-இல் ஜேம்ஸ் ஃபெர்குசன் கண்டெடுத்தார். 1880-இல்தான் அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் குடியேறின. அமராவதியின் பெருமை மிக்க சிற்பங்களைக் காண நம்மவர் கடல் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. ஆதிக்கம் செலுத்திய நாடு கொண்டு சென்றது என்பது உண்மை. கொண்டு செல்லப்படுமுன் பதினான்கு ஆண்டுகள் அவற்றின்மேல் ஓர் ஓலைக் கூரைகூடப் போடப்படவில்லை என்பதும் உண்மையே.

புகுந்தகம்

இப்போது எழும்பூருக்கு வருவோம். அருங்காட்சியகம் இருக்கும் சாலைக்குப் பாந்தியன் சாலை என்று பெயர். பாண்டிய மன்னரின் பெயர் திரிந்தது போலும் என்று நாமும் ஒருகாலத்தில் மயங்கியதுண்டு. அது தமிழ்ப் பெயரன்று. உரோமை நகரில், பழங்காலத்தில் எல்லாத் தெய்வங்களுக்கும் எழுப்பப்பட்டுப் பின்னர் மறைசாட்சியரின் அன்னை மரியாவுக்கு ஆலயமாக்கப்பட்ட கட்டடத்திற்குப் பாந்தியோன் என்று பெயர். அப்பெயரைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் தம் கேளிக்கை மன்றங்களுக்கு வைப்பதை நாகரிகமாகக் கருதினர். சென்னைப் பாந்தியனும் அத்தகைய மன்றமே.

1778-இல் ஹால் புளூமர் என்னும் அரசு அலுவலருக்கு எழும்பூரில் 43 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. 1793-இல் அவர் அத்தோட்டத்தையும் வீட்டையும் இருபத்து நால்வர் கொண்ட ஒரு குழுவிடம் ஒப்படைத்தார். நகரத்து ஐரோப்பியரின் விருந்து, நடனம், நாடகம், சீட்டாட்டம் ஆகியவற்றை ஒழுங்கு செய்வது அக்குழுவின் வேலை. நகரத்துப் பொதுமக்களுக்கு அங்கே இடமில்லை. பல்லக்குத் தூக்கியோரும் குதிரைக்காரரும் தீவட்டி பிடித்தோரும் வாயிலில் காத்திருந்திருப்பர். உள்ளே இசை ஒலித்திருக்கும்.

கேளிக்கைகளுக்கும் ஒரு முடிவு வந்தது. 1821-இல் குழுவினர் நடு மாளிகையையும் தோட்டத்தையும் எட்வர்ட் சாமுவேல் மூராத் என்னும் ஆர்மீனிய வணிகருக்கு விற்றனர். 1830-இல் அரசு அவரிடமிருந்து 28,000 ரூபாய்க்கு அதனை வாங்கிக் கலெக்டர் கச்சேரியாகப் பயன்படுத்தியது. நடனம் நடந்த கூடத்தில் நிலவரிக் கணக்குகள் எழுதப்பட்டன.

1854 டிசம்பரில் அருங்காட்சியகம் அங்கே குடிபுகுந்தது. கூவக்கரை மாடியிலிருந்த கற்களும் சங்குகளும் பறவைகளும் பெயர்ந்து வந்தன. சிலருக்காக மட்டும் திறந்த கதவு, இப்போது வருவோர் யாவருக்கும் திறந்தது. எந்த வாயிலில் பல்லக்குத் தூக்கியோர் காத்திருந்தனரோ, அதே வாயில் வழியாக அவர்களின் மக்களும் பேரர்களும் பார்வையாளராக உள்ளே சென்றனர். இம்மாற்றம் எந்தப் போராட்டத்தாலும் வந்ததன்று. ஒரு மருத்துவருக்குத் தம் பொருள்களை வைக்க இடம் தேவைப்பட்டது. அரசிடம் ஒரு பழைய மாளிகை இருந்தது. ஆயினும் விளைவை நோக்கினால், சென்னை நகரில் எளிய மக்கள் தமக்குரியதாகக் கொண்ட பொதுவீடுகளில் அதுவும் ஒன்றாயிற்று என்பதில் ஐயமில்லை.

உயிரும் எழுத்தும்

மக்களை அங்கே முதன்முதல் ஈர்த்தவை கற்கள் அல்ல. காட்சியகத்தில் வைக்கப்பட்ட ஒரு சிறுத்தையையும் புலிக்குட்டியையும் காண மக்கள் திரண்டு வருவதைப் பால்ஃபர் கவனித்தார். கற்றோர் சிலர் முகம் சுளித்திருப்பர். அவரோ, மக்கள் எதைக் காண விரும்புகிறார்களோ அதிலிருந்தே கற்பித்தலைத் தொடங்கலாம் என்று கருதினார். ஆர்க்காட்டு நவாபிடம் வேண்டி, அவரிடமிருந்த விலங்குகளைப் பெற்றார். 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிச் சாலை உருவானது. மறு ஆண்டில் அங்கே 360 உயிர்கள் இருந்தன: 54 பாலூட்டிகள், 61 பறவைகள், 245 ஊர்வன.

ஆக, உயிர் காலேஜும் செத்த காலேஜும் தொடக்கத்தில் ஒரே வளாகத்தில் உடன்பிறப்புகளாய் வளர்ந்தவை. 1863-இல் விலங்குகள் மத்திய இரயில் நிலையத்தை அடுத்த மக்கள் பூங்காவுக்குப் பெயர்ந்தன. 1985-இல் அவற்றுக்கு வண்டலூர்க் காட்டில் விரிந்த இடம் கிடைத்தது.

எழும்பூர் வளாகத்தில் இன்னொரு பிள்ளையும் பிறந்தது. இங்கிலாந்தில் கம்பெனி அலுவலர்களைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரி மூடப்பட்டபின், அதன் நூலகத்தில் மிகுதியாயிருந்த நூல்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டன. பால்ஃபருக்குப்பின் 1859 முதல் பொறுப்பிலிருந்த ஜெஸ்ஸி மிச்சல், 1860-களின் தொடக்கத்தில் அவற்றைக் கொண்டு அருங்காட்சியகத்தில் ஒரு நூலகம் அமைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம். மூடிய இரு கல்லூரிகளின் மிச்சங்கள் எழும்பூரில் ஒன்றுசேர்ந்தன என்று எண்ணுகையில் வியப்பே மேலிடுகிறது.

காணும் பொங்கல் நாளில் குடும்பம் குடும்பமாய் மக்கள் அங்கே வருவது நகரத்து மரபாயிற்று. கட்டுச்சோறும் கையுமாய் வந்து, மரநிழலில் உண்டு, திமிங்கில எலும்பையும் யானை எலும்பையும் வாய்பிளந்து பார்த்துச் சென்றனர். பெயர்ப்பலகைகளைப் படித்தவர் சிலரே. ஆயினும் ஆண்டுக்கொருமுறை, இது நம்முடையது என்ற உரிமையோடு வந்தனர். அந்த உரிமையிலிருந்து பிறந்த பெயரே செத்த காலேஜ்.

மூடிப்போன சிறு வீடுகள்

பால்ஃபர் தலைநகரோடு நிறைவடையவில்லை. 1850-களின் நடுவில் மாகாணத்தின் ஆறு ஊர்களில், அதாவது கடலூர், கோயம்புத்தூர், உதகமண்டலம், பெல்லாரி, மங்களூர், இராஜமகேந்திரபுரம் ஆகிய இடங்களில், சிறிய உள்ளூர்க் காட்சியகங்கள் தொடங்கப்பட்டன. அந்தந்த மாவட்டத்தின் பொருளை அந்தந்த மக்களே பார்க்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடப்பட்டன. கடலூரும் கோயம்புத்தூரும் மீண்டும் ஓர் அரசு அருங்காட்சியகத்தைக் காண்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் அவை நிலைக்கவில்லை? சென்னையில் ஒரு பால்ஃபர் இருந்தார். அவருக்குப்பின் ஒரு மிச்சல் வந்தார். தொடர்ந்து காப்போர் இருந்தனர். அரசாணையால் ஒரு நிலையத்தைத் திறக்கலாம். அதனை நிலைநிறுத்த நாள்தோறும் கதவைத் திறந்து, தூசு துடைத்து, பட்டியல் எழுதி, பூச்சி அரிக்காமல் பார்க்கும் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையேல் கட்டடம் இருந்தும் பயனில்லை.

காப்பவருக்கும் அறிவு வேண்டும் என்பதற்கும் இவ்வருங்காட்சியகமே சான்று. அமராவதியின் எஞ்சிய கற்களை 1880-களில் நல்லெண்ணத்தோடுதான் சுவரில் சிமெண்டு வைத்துப் பதித்தனர். அதுவே பின்னாளில் உப்புப் பூத்துக் கற்களைத் தின்னும் கேடாயிற்று. பிழை உணர்ந்து அதனைச் சரிசெய்வதும் பின்வந்த காப்பாளர்களின் தலைமேல் விழுந்தது. இக்குறைகளோடும், அந்த வீடு இருந்ததால் தமிழகம் பெற்ற பேறு பெரிது. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்கால மனிதனின் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் தொகுப்பு 1904-இல் அங்கு வந்து சேர்ந்தது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலிருந்து அலெக்சாண்டர் ரீ எடுத்த அரும்பொருள்களும், திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனியும் அங்கே இடம் பெற்றன. வைக்க ஓர் இடம் இருந்ததால் அவை நமக்கு எஞ்சின.

நம் வீட்டு அறை

இவ்வளவையும் எழுதுகையில் நம் மனச்சான்று நம்மைச் சும்மா விடவில்லை. எல்லிஸின் தாள்களை எரித்த சமையற்காரரைப் பற்றி எழுதிய கை, இதையும் எழுதத்தான் வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில் பழைய கோவிலை இடித்துப் புதிய கோவில் கட்டினோம். பழைய சக்கிறீஸ்து அறையை ஒழித்துக் கொடுக்கும்படி ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்தினார். அங்கே கறையான் ஏறிய மரப்பெட்டி ஒன்றும், கைமுறிந்த சுரூபங்கள் சிலவும், சப்பரத்தின் உடைந்த பலகைகளும், பழைய நோட்டுகளும் கிடந்தன. ஞானஸ்நானப் பதிவேடுகளை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, மற்றவற்றை அப்புறப்படுத்தும்படி நாமே சொன்னோம். கோவிலுக்குப் பின்புறம் ஒரு மாலைப்பொழுதில் அவை எரிந்தன.

மூன்று நாள் கழித்து ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். எண்பதைக் கடந்தவர், ஒருகாலத்தில் வாசாப்பு நாடகத்திற்கு அண்ணாவியாராக இருந்தவர். "சாமி, எங்க தாத்தா எழுதுன வாசாப்பு நோட்டு அந்தப் பெட்டியிலதான் இருந்துச்சு. புதுக்கோவில் மந்திரிப்புக்கு ஆடலாம்னு பாத்தேன்" என்றார். நாம் விடை சொல்ல இயலாமல் நின்றோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "சரி சாமி, போவட்டும்" என்று சொல்லித் திரும்பிச் சென்றார். கடிந்திருந்தால் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அடுத்த ஆண்டு அவரும் இறைவனடி சேர்ந்தார். அந்த வாசாப்பு இன்று யார் நாவிலும் இல்லை. எந்தத் தாளிலும் இல்லை.

அந்த நோட்டு விலைமதிப்பற்ற கலைப்பொருள் என்று நாம் சொல்ல வரவில்லை. அது நாம் எடுத்துப் பார்க்காத ஒன்று. அதுவே நம் குற்றம். பழைய பங்குப் பதிவேடுகளைக் கவனத்தோடு காக்க வேண்டுமெனத் திருச்சபைச் சட்டம் 535 பணிக்கிறது. நாம் சட்டத்தின் அளவுக்குக் காத்தோம். அதற்குமேல் ஒரு முழம் நீளவில்லை. 2001-இல் உரோமையிலிருந்து, திருச்சபையின் கலைமரபுக்கான ஆணையம், திருச்சபை அருங்காட்சியகங்களின் மேய்ப்புப் பணியைப் பற்றியே ஒரு மடலை வெளியிட்டது. மடல் வந்த சில ஆண்டுகளுக்குள்தான் நாம் நெருப்பு வைத்தோம்.

பெரிய கட்டடங்கள் எழுப்பும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. சென்னை அருங்காட்சியகமே ஒரு கடன் வாங்கிய மாடியில்தான் தொடங்கியது என்பதைக் கண்டோம். ஒவ்வொரு பங்கிலும் ஓர் உலர்ந்த அறை, பூட்டக்கூடிய ஓர் அலமாரி, ஒரு பட்டியல் நோட்டு இருந்தால் போதும். பழைய நிழற்படங்கள், கோவில் கட்டிய வரவு செலவுக் கணக்கு, சபைகளின் தீர்மான ஏடுகள், உபதேசியார்களின் கையெழுத்துப் படிகள், கும்மிப் பாட்டு, வாசாப்பு ஆகியவை இன்றும் பல வீடுகளில் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்குவதற்கும், யார் தந்தது, எந்த ஆண்டினது, யாருடையது என்று எழுதி ஒட்டுவதற்கும் முத்துசாமிப் பிள்ளையைப் போல் நடந்து தேடும் இளைஞர் இருவர் ஊருக்குள் கிடைக்காமலா போவர்? அப்பம் பலுகிய நாளில் மக்கள் வயிறார உண்டபின், மீந்த துண்டுகளையும் வீணாக்காமல் சேர்க்கச் சொன்னவரின் சீடர்கள் அல்லவா நாம்!

நாம் இப்போது பணியாற்றும் பங்கில் அப்படியோர் அலமாரி வைத்திருக்கிறோம். அதன் மேல்தட்டில், முன்னாள் உபதேசியார் ஒருவரின் பேத்தி கொண்டுவந்து தந்த ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லை. நடுவிலுள்ளவை வாசாப்பு விருத்தங்கள். ஞாயிறு பூசைக்குப் பின் பிள்ளைகள் சிலர் வந்து அதைத் திறந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்க்கிறார்கள். இடையிடையே விளங்காத சொல்லுக்கு நம்மிடம் பொருள் கேட்கிறார்கள். நமக்கும் தெரியாதபோது அவர்கள் தம் பாட்டிமாரிடம் போய்க் கேட்டு வருகிறார்கள்.